கை தூக்காதவனின் மகனுக்கு

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.40. மந்தைவெளியில் நம் அடுக்ககத்தின் பதினாறு வீடுகளில் பதினைந்து காலி. மிச்சம் இருப்பது நம் வீடு ஒன்றுதான். இங்கே கடைசி ஆளாக நிற்பது எனக்குப் புதிதில்லை. உன் அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு பாலவாக்கம் வாடகை வீட்டில் பால் காய்ச்சப் போயிருக்கிறாள். கட்டிலைக் கழற்றியாகிவிட்டது, மின்விசிறிகளை இறக்கியாகிவிட்டது. பாத்திரம் கட்டிய அட்டைப்பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து எழுதுகிறேன். லாரி பன்னிரண்டு மணிக்கு வரும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

உனக்கு இப்போது ஏழு வயது. இதை நீ படிக்கும்போது இருபத்தைந்தோ முப்பதோ ஆகியிருக்கும். அந்த வளர்ந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். குழந்தைக்கு ஏற்ற மாதிரி இழைத்துச் சொல்ல உன் அம்மாவுக்கு வரும், எனக்கு வராது. உனக்கு எழுதுவதை ஏன் ஊர் படிக்கப் போடுகிறாய் என்று நீ கேட்கலாம். நான் செய்ததெல்லாம் பத்துப் பேர் பார்க்க, கையை மடியில் வைத்துக்கொண்டு, கெத்தாகச் செய்தது. ஒப்புக்கொள்வதை மட்டும் உறையில் போட்டு ஒட்டி உன்னிடம் தருவது அசிங்கம்.

இதை எழுத உட்கார வைத்தது நீதான். வியாழக்கிழமை உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது லஸ் சிக்னலில் நின்றோம். நீ ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றபடி சொன்னாய்: "அப்பா, வண்டலூர் ஜூவுக்குப் போலாமா, யாருக்கெல்லாம் ஓகேன்னு மிஸ் கேட்டாங்க. எல்லாரும் கை தூக்கினாங்க. நான் மட்டும் தூக்கல."

"ஏன்டா, உனக்கு ஜூ வேண்டாமா?"

"வேணும்."

"அப்புறம்?"

"எல்லாரும் தூக்கிட்டாங்கல்ல. அதான்."

சொல்லிவிட்டு, வண்டியின் பக்கக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாய். நான் பெருமைப்படுவேன் என்று எதிர்பார்த்தாய். அதில் தப்பில்லை, இதுவரை அப்படித்தான் பட்டிருக்கிறேன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கத்தினார்: "இன்னா நைனா, சிக்னல்லயே குடித்தனம் பண்ணப் போறியா? எடு வண்டிய!" எடுத்தேன். வீடு வரும்வரை உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உனக்குக் கோபம் வந்தது. உன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடியில்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் அசோசியேஷன் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, ராகவன் மாமா வீட்டு பிளாஸ்கில் காபி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்துக்குப் போட்டி. தீர்மானத்தைப் படித்ததும் சம்மதிக்கிறவர்கள் கை தூக்க வேண்டும். எட்டு வருஷமாக என் கை மேலே போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெள்ளைச் சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம் என்றார்கள், மறுத்தேன். வாசலில் கேமரா என்றார்கள், மறுத்தேன். லாரித் தண்ணீரை வேறு ஆளிடம் வாங்கலாம் என்றார்கள், அதற்கும் மறுத்தேன். ராகவன் மாமா செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனுஷர். அவரே ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: "ஏண்டாப்பா, குழாயில தண்ணி வரதுன்னு நாங்க பதினஞ்சு பேர் சொன்னா, நீ பக்கெட்டக் கவுத்து வெச்சுண்டு இல்லைம்பே. உங்காத்துல எப்படிடா குடித்தனம் பண்றா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு சுகம். அந்தச் சுகத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதினைந்து பேர் ஒரு பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு, தான் கொஞ்சம் உயரமாகிவிட்டது போல இருக்கும். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். நான் இன்ஜினியர், காரணம் தேட எனக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஒரு தடவை மழைநீர் சேகரிப்புக்கு நானே படம் வரைந்து கொடுத்தேன். எத்தனை அடி ஆழம், எவ்வளவு ஜல்லி, எவ்வளவு மணல், எல்லாம் கணக்குப் போட்டு. சண்டை வரும் என்று தயாராகப் போனேன். படித்துப் பார்த்துவிட்டு எல்லாரும் கை தூக்கினார்கள். சண்டையே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இந்த இடத்தில் வேண்டாம், காம்பவுண்ட் அஸ்திவாரத்துக்குப் பக்கம் வருகிறது" என்று என் படத்திலேயே குற்றம் கண்டுபிடித்தேன். "நீ குடுத்த பிளான்தானேடா இது?" என்றார் மாமா. அந்தக் குழி இன்றுவரை வெட்டப்படவில்லை. உனக்குப் பெயர் வைக்கும்போதும் இதே கதைதான். ஒன்பது பெயரை மறுத்தேன். உன் அம்மா பதினோராம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "உனக்கு எந்தப் பேரு பிடிக்கும்னு ஒரு தடவையாவது சொன்னியா? பிடிக்காத லிஸ்ட் மட்டும்தான் உன்கிட்ட இருக்கு." கடைசியில் அவளே வைத்தாள். நல்ல பெயர். அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

இந்தக் குணத்தை முழுக்க அழுக்கு என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் ஒரு தடவை அது சரியாக இருந்தது. நம் வீட்டுக்கு நேர் கீழே, முதல் மாடி வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் செட்டிலாகி, வீட்டை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர்கள் ஜமீலா அக்காவும் பஷீர் பாயும். ராயப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள். பாய்க்கு அங்கே மூக்குக் கண்ணாடிக் கடை. அக்கா ஆரி ஒர்க் செய்பவர். கல்யாண ரவிக்கைகளில் கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து மயில், மாங்காய், யானை எல்லாம் கொண்டுவருவார். தி. நகரில் பெரிய பெரிய தையல் கடைக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். அசோசியேஷன் தடையில்லாக் கடிதம் கொடுத்தால்தான் விற்க முடியும் என்று நிலைமை. கூட்டம் போட்டார்கள். யாரும் மதத்தின் பெயரைச் சொல்லவில்லை, ரொம்ப நாகரிகமான கூட்டம். "சமையல் வாசனை", "நம்ம பழக்கவழக்கம்", "பின்னாடி ரீசேல் வேல்யூ" என்று சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். பதினைந்து பேரில் பதினான்கு பேர் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். நான் எழுந்து, "காரணத்தை எழுத்துல குடுங்க, பதினாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே எடுத்துட்டு எங்க போகணுமோ அங்க போறேன்" என்றேன். ஒருத்தர் பேனாவைத் தொடவில்லை. மறுநாள் கடிதம் வந்துவிட்டது.

நீ அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். ஜமீலா அக்கா குடிவந்த இரண்டாம் வாரம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது மாடி ஏறி வந்து காலைப் பிடித்துவிட்டது அவர்தான். பிறகு நீ பள்ளி விட்டு வந்து சாப்பிட்டது, தூங்கியது, நோன்புக் கஞ்சிக்குக் கிண்ணத்தோடு நின்றது எல்லாம் அந்த வீட்டில். அவருக்கு நீ வைத்த பெயர் 'ஜம்மா'. வேண்டாம் என்று கை தூக்கிய ராகவன் மாமாவின் பெண்ணுக்குக் கல்யாண ரவிக்கை ஐந்தும் அக்காதான் போட்டுக் கொடுத்தார். "நன்னா பண்ணியிருக்கா, கை இல்லை அது, வரம்" என்று மாமா படிக்கட்டில் நின்று எல்லாரிடமும் காட்டினார். அந்த வீட்டைத் தடுக்கக் கூட்டம் நடந்தது யாருக்கும் ஞாபகமில்லை. அக்காவுக்கு மட்டும் இருந்தது. வாட்ச்மேன் எல்லப்பன் சொல்லியிருக்கிறார். "அன்னிக்கு பதினாலு பேரு ஒரு சைடு, இந்த சார் ஒண்டி ஆளு ஒரு சைடு" என்று. அதிலிருந்து அக்காவுக்கு நான் சொன்னால் வேறு பேச்சு கிடையாது.

போன வருஷம் ஜனவரியில் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு பில்டர் வந்தார். இந்தக் கட்டடத்துக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்தாறு. பட்டினப்பாக்கத்துக் கடல்காற்று பத்து நிமிஷ நடையில் இருக்கிறது. பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடுவேன் என்றார் பில்டர். அவருடைய ஆள் வந்து கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "காலம் எல்லாம் போச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலம் என்றால் தூண். நம் வீடும் அக்கா வீடும் போக மற்ற பதினான்கு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்ட் வரும், கார் நிறுத்த இடம் வரும், இருநூறு சதுர அடி கூட வரும், இதையெல்லாம் வெளியே சொல்லாமல் "தூண் போச்சாம், தூண் போச்சாம்" என்று படிக்கட்டெல்லாம் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தூணைக்கூடத் தட்டிப் பார்க்காதவன் சொன்னதை ஒரு தூணைக்கூடத் தட்டிப் பார்க்காதவர்கள் நம்புகிறார்கள். என் ஆபீசிலிருந்து ஹேமர் எடுத்துவந்தேன். கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் அடித்து, அது எவ்வளவு உறுதி என்று ஓர் எண் காட்டும் கருவி. இரண்டு நாள் லீவு போட்டு, கீழ்த்தளத்து இருபது தூணையும் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. ஆறு பக்க அறிக்கை தயார் செய்தேன். மஞ்சள் அட்டை நோட்டில் கையால் எழுதிய குறிப்புகளிலிருந்து தட்டச்சு செய்தது. அந்த நோட்டு இப்போது என் பக்கத்தில் இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜமீலா அக்கா கூப்பிட்டார். "தம்பி, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன். பின்னாடி பால்கனில மேல டீ கொட்டுன மாதிரி ஒரு கறை கீது. பாய் ரெண்டு தடவ தொடச்சாரு, போவல." போனேன். அவருடைய பால்கனியின் கூரை நம்முடைய பால்கனியின் தரை. நம் வாஷிங் மெஷின் தண்ணீர் எத்தனை வருஷம் அதில் ஊறியதோ. பழுப்பாக, கோடு கோடாக இறங்கியிருந்தது. துணி காயப்போடும் ஸ்டூலில் ஏறி, விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக் என்று வர வேண்டும். வந்தது வேறு. காலி டப்பாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, அதை மூடியிருக்கும் கான்கிரீட் கழன்று தொங்குகிறது என்று அர்த்தம். இது என் தொழிலில் முதல் வருஷப் பையனுக்கும் தெரியும்.

நோட்டை எடுத்து எழுதினேன். நாற்பத்து மூன்றாம் பக்கம்: "முதல் மாடி, பின் பால்கனி, கூரை அடிப்பகுதி. துருக்கறை. தட்டினால் வெற்றுச் சத்தம். இரண்டடிக்கு ஒன்றரை." எழுதும்போதே எனக்கு இன்னொன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னால், "பார்த்தியா, நாங்கதான் சொன்னோமே" என்பார்கள். அவர்கள் சொன்னது தூண். இது பால்கனி. வேறு பிரச்சினை, வேறு வைத்தியம். ஆனால் அந்த வித்தியாசம் மொட்டை மாடியில் எடுபடாது. என் ஆறு பக்கம் குப்பைக்குப் போகும். அவர்கள் சரி என்று ஆகிவிடும். தப்பான காரணத்துக்காகச் சரி என்று ஆகிவிடும், அது என்னால் தாங்க முடியாது.

"என்ன தம்பி, பயப்படுற மாதிரியா?"

"ஒண்ணுமில்லக்கா. ஈரம். வெள்ளை அடிச்சா போயிடும்."

"நீங்க சொன்னா சரி. நான் கூட மேல விழுந்துடப் போவுதோன்னு பயந்துக்கினு இருந்தேன்."

இரண்டு டீ பிஸ்கட்டும் ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதை நீ பார்த்தாய். ராகவன் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். இருபது நிமிஷம் பேசினேன். எண்களைப் படித்தேன். "இருபது தூண்ல எது போச்சு, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க" என்று பில்டரின் ஆளைக் கேட்டேன், அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைதட்டாத குறை. ராகவன் மாமா, "அதெல்லாம் சரிடாப்பா, பில்டிங் பத்தி சந்தேகம் இருக்கறச்சே பொதுவா எல்லாருமா ஒரு முடிவுக்கு..." என்று இழுத்தார். "சந்தேகம் உங்களுக்கு, எனக்கில்ல" என்றேன். ஓட்டுக்கு விட்டார்கள். பதினான்கு கை மேலே போனது. என் கை மடியில். ஜமீலா அக்காவின் கையும் மடியில். வலது கை, துப்பட்டாவுக்குள். பக்கத்தில் இருந்த அம்மாள், "நீங்களாவது தூக்குங்களேன், புது வீடு வரும்" என்று காதோடு சொன்னார். அக்கா சொன்ன பதில் எனக்குக் கேட்டது: "அன்னிக்கு எனக்காக அவரு கை தூக்கல. இன்னிக்கு அவருக்காக நான் தூக்கல. கணக்கு சரியாப் போச்சு." பில்டர் அடுத்த வாரமே வேறு தெருவுக்குப் போய்விட்டார். அன்று இறங்கும்போது எல்லப்பன், "இன்னா சார், இன்னிக்கு டீமு வலுவாயிடுச்சி. ரெண்டு பேராயிட்ட" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். "அப்பா ஜெயிச்சுட்டாரா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

ஓட்டு முடிந்ததும் அந்தக் கூரையைச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை. ஆனால் கழன்றதைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, திரும்பப் பூச வேண்டுமென்றால் பின்சுவரில் சாரம் கட்ட வேண்டும். சாரம் கட்டினால் பதினான்கு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். சித்திரை போகட்டும் என்றேன். பிறகு பள்ளி திறக்கட்டும் என்றேன். அக்கா அதற்குள் வெள்ளை அடித்துவிட்டார். வெள்ளை அடித்த பிறகு கறை என் கண்ணில் படவில்லை, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. பத்து மாதம்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் வெயில் வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும், அக்கா துணி உலர்த்தப் போயிருக்கிறார். நான் மேலே ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் மேல் என்பதுதான் தெரியவில்லை. ஓடினேன். இட்லித் தட்டு அளவில் நான்கைந்து துண்டுகள். மேலே துருப்பிடித்த கம்பி, அது அங்கேயே இருந்தது. அக்கா சுவரோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறார். வலது மணிக்கட்டு. நீ என் பின்னாலேயே சீருடையோடு வந்துவிட்டாய். "ஜம்மா, எழுந்திரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். இது உனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. ஆரி ஊசியை அந்த இரண்டு விரலால்தான் பிடிக்க வேண்டும். துணிக்குக் கீழே இடது கை நூலைக் கொடுக்கும், மேலே வலது கை கொக்கியால் வாங்கும். இப்போது கொடுக்கிற கை இருக்கிறது, வாங்குகிற கை இல்லை. இடது கையால் மாற்றிப் பழகுகிறேன் என்று நாற்பத்தெட்டு வயதில் உட்கார்ந்தார். இரண்டு வாரம். பிறகு துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். உன் சித்தி கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ரவிக்கை அப்போது சட்டத்தில் இருந்தது. ஒரு கையில் மயில் முடிந்திருந்தது. இன்னொரு கை வெறும் பட்டு. அம்மா அதை அப்படியே மடித்து வைத்திருக்கிறாள்.

டிசம்பரில் மறுபடி மொட்டை மாடி. வேறு பில்டர், அதே தீர்மானம். பதினாறு கை. என் கையும். "இப்பவாவது புரிஞ்சுதே, நாங்க அப்பவே சொன்னோம்" என்றார் ராகவன் மாமா. அவர்கள் அப்போது பால்கனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பதினான்கு பேரில் ஒருவரும் தலையை நிமிர்த்தி அந்தக் கூரையைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு லிஃப்ட் வேண்டும், எனக்கு ஜெயிக்க வேண்டும். கட்டடத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான், ஜமீலா அக்கா. அவர் பார்த்து, பயந்து, தெரிந்தவன் என்று நம்பி என்னைக் கூப்பிட்டார். மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் கூட்டத்தைத் திட்டிக்கூட எனக்கு ஆறுதல் இல்லை.

அன்று யாரோ, "இன்ஜினியர்னு சொல்லிக்கிறாரு, இது தெரியலையா?" என்றபோது, கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த அக்கா எழுந்து சொன்னார்: "அவரு மேல ஏன் போறீங்க? மழ, விதி, நடந்து போச்சு. அவருக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாரா?" பையில் மஞ்சள் நோட்டு இருந்தது. எட்டு வருஷமாக எதற்கெடுத்தாலும் "இல்லை" என்று சொன்னவனுக்கு, சொல்ல வேண்டிய அந்த ஒரே "இல்லை" வாயில் வரவில்லை. இல்லைக்கா, எனக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. இவ்வளவுதான் வாக்கியம். வரவில்லை. ஜனவரியில் அவர்கள் ராயப்பேட்டையில் பாயின் தங்கை வீட்டுக்குக் குடிபோனார்கள். போகும்போது உனக்கு முத்தம் கொடுத்துவிட்டு, "அப்பாவ மாதிரி நல்லாப் படிக்கணும்" என்றார்.

இப்போது உனக்கு. கூட்டத்தோடு போ என்று நான் சொல்ல மாட்டேன். பதினான்கு பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தை வாசலிலேயே நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், சிரித்த முகத்தோடு, கையில் காபியோடு. அப்படி ஒரு நாள் உனக்கும் வரும். அன்று நீ கை தூக்காமல் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் உன்னையே ஒன்று கேட்டுக்கொள். இவர்கள் எல்லாரும் இந்த நிமிஷமே என் பக்கம் வந்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்குமா, எரிச்சலாக இருக்குமா? எரிச்சல் என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார். உனக்கு வேண்டியது ஜூ இல்லை, உன் வகுப்பில் மற்ற முப்பத்தொரு பேரின் முகம். எனக்கு அப்படித்தான் இருந்தது. அக்கா வீடு வாங்கக் கடிதம் வந்த அன்று எனக்கு நிம்மதி வந்ததா, எரிச்சல் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை. அதுகூட இந்தச் சுகத்துக்காகத்தான் செய்தேனோ என்ற சந்தேகம் இப்போது வந்துவிட்டது. நான் செய்த ஒரே நல்ல காரியமும் கையை விட்டுப் போகிறது. போகட்டும்.

இன்னொன்று. உன் கட்சிக்கு எதிரான ஒன்றை நீயே பார்த்தால், அதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீ. நான் பார்த்தேன், தட்டினேன், கேட்டேன், எழுதினேன். சொல்லவில்லை. என் பிழையை நீ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பக்க எண் போட்டு என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மணி 11.50. கீழே எல்லப்பன், "சார், லாரி மொனையில நிக்குது, உள்ள வர்றதுக்கு எடம் பாத்துக்கினு கீறான்" என்று கத்துகிறார். இனி நான் செய்யப்போவது:

1. சாமான்களை ஏற்றி எல்லப்பனோடு பாலவாக்கத்துக்கு அனுப்புவேன். நான் அந்த லாரியில் ஏற மாட்டேன்.

2. மஞ்சள் நோட்டோடு ராயப்பேட்டை போவேன். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப மாட்டேன். நோட்டையே கொண்டுபோய், நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஜமீலா அக்காவுக்கும் பஷீர் பாய்க்கும் முன்னால் படிப்பேன். கடல்காற்று, கட்டடத்தின் வயது, மழை, எதையும் இழுக்க மாட்டேன்.

3. "தெரிஞ்சேவா தம்பி சொன்னீங்க?" என்று கேட்டால், "ஆமாம்" என்பேன். பிறகு அவர் பேசட்டும். கதவைச் சாத்தினால் நோட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன், இரண்டாம் முறை தட்ட மாட்டேன்.

4. என் வாயிலிருந்து அக்கா இதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை அசோசியேஷன் குழுவிலும் மற்ற இடங்களிலும் போடுவேன். "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ராகவன் மாமா எழுதுவார். பதில் போட மாட்டேன்.

5. நாளை காலை உன் மிஸ்ஸைப் பார்த்து, ஜூவுக்கு உன் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்பேன். பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்றால், அதற்கு அவரிடம் சண்டை போட மாட்டேன். நீ வீட்டில் இருப்பாய். அழுவாய். பக்கத்தில் இருப்பேன்.

6. என்றாவது ஒருநாள் ஜமீலா அக்கா "பரவால்ல தம்பி, விடுங்க" என்று சொன்னாலும் சொல்வார். பாய் சொல்வார், அம்மா சொல்வாள், வளர்ந்த பிறகு நீயும் சொல்வாய். எல்லாரும் கை தூக்குவீர்கள். நான் தூக்க மாட்டேன்.